கிளம்பும் முன் படிக்கும் பாடம்

தென் சூடானுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்தும் மருத்துவமனை ஒன்றில், குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை.

"அவ்வளவு தூரம் ஏன்டி போகணும்? இங்க பிள்ளைகளுக்கு நோய் வர்றதில்லையா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. இங்கே நான் விடுப்பில் போனால் என் ட்யூட்டியைப் பார்க்க இன்னொருத்தி இருக்கிறாள். 2011இல் பிறந்த அந்த நாடு 2013 டிசம்பரிலேயே உள்நாட்டுப் போரில் விழுந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அங்கே மிகக் குறைவு. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் அதற்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். நாடு திரும்பும்போதும் அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். நம் நாட்டில் அந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருத்தெருவாக இருக்கிறது. நோயுள்ள நாட்டிலிருந்து அட்டையில்லாமல் வருபவரை 6 நாள் வரை தனியே வைத்துக் கண்காணிப்பது அதனால்தான். மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை: அங்கே இருக்கும்வரை தினமும், திரும்பி வந்த பிறகும் 4 வாரம்.

அமைப்பிடமிருந்து ஒரு படிவமும் வந்தது. என்னை யாராவது கடத்திவிட்டால், நான் உயிரோடிருக்கிறேனா என்று சரிபார்க்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் மட்டுமே அறிந்த பதில்களையும் எழுதித் தர வேண்டும். சின்ன வயது ரகசியங்களை அந்தக் கட்டங்களில் நிரப்பும்போதுதான் போகிற இடம் எப்படிப்பட்டதென்று எனக்கு உறைத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆயத்தம் கைப்பழக்கத்தை மாற்றுவது. இங்கே வாடி வதங்கி வரும் குழந்தைக்கு டிரிப் ஏற்றத்தான் கை முதலில் போகும். கடுமையான ஊட்டக்குறைவில் இருக்கும் குழந்தைக்கு அதுவே எமனாகலாம். மெலிந்த இதயம் அவ்வளவு நீரைத் தாங்காது. ஷாக் நிலையில் தவிர டிரிப் கூடாது. உணவாக முதலில் கொடுக்கும் எஃப்-75 என்ற சிகிச்சைப் பாலில் 100 மில்லிக்கு 75 கலோரிதான். அதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உடம்பு தேறிப் பசி திரும்பிய பிறகுதான் வேர்க்கடலைப் பசை. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். தாய் வீட்டிலேயே பிரித்து ஊட்டலாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையில் வண்ண நாடாவைச் சுற்றி, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு வந்தால் உடனே சிகிச்சை. மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். வார்டில் மானிட்டரின் எண்ணைப் பார்த்தே பழகிய கண்ணை, ஏறி இறங்கும் நெஞ்சின்மேல் நிறுத்தப் பழக்குகிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தூங்கும்போது போய் எண்ணிப் பார்க்கிறேன்.

முன்பு போய்வந்த அக்கா ஒருவர் போனில் சொன்னார்: "போனதும் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்காதே. முதல்ல அங்க இருக்கிறவங்க பின்னாடி நில்லு." அந்த வார்டைத் தாங்குவது உள்ளூர் ஊழியர்கள்தான். தாய்மாரிடம் நூவெர் மொழியிலோ டிங்கா மொழியிலோ பேசத் தெரிந்தவர்கள் அவர்கள். நான் போகுமுன் இருந்தவர்கள், நான் திரும்பிய பிறகும் இருக்கப் போகிறவர்கள். என் வேலை, இடையில் சில மாதம் அவர்கள் சுமையில் ஒரு பங்கைச் சுமப்பது. தொண்டு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்தப் பணிவு என்னிடம் இருந்தால்தான் நான் கற்ற வித்தை அங்கே ஒரு குழந்தைக்காவது உதவும்.