கொட்டியாரக் குடாவின் இரு கரைகள்

திருக்கோணமலைக்கு வருவோர் பெரும்பாலும் கோணேசர் ஆலயத்தைத் தரிசித்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடி, நிலாவெளிக் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துத் திரும்புவர். சென்ற மாதம் அந்நகருக்குச் சென்ற நாமோ, இவையெல்லாவற்றுக்கும் முன்னதாக, உட்துறைமுகத்தில் மூதூர் லோஞ்சுகள் புறப்படும் இறங்குதுறையைத் தேடிச் சென்றோம். அதற்குக் காரணம் எம் மனைவியாரின் கைப்பையிலிருந்த ஒரு கடிதம். இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறி, மூதூர்ப் பக்கத்துச் சிறு பாடசாலையொன்றுக்கு அதிபராக நியமனம் பெற்றிருந்தார். மட்டக்களப்பிலிருந்து நாமும் இளைய மகளும் உடன் வந்தோம். நகரில் இரண்டு நாள் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் அவரைப் பாடசாலையில் சேர்ப்பிப்பதென்பது ஏற்பாடு.

இத்துறைமுகத்தை வரைபடத்திற் பார்ப்பவர்க்கு அதன் அருமை முழுதும் விளங்காது. கரையில் நின்றாற்றான் தெரியும். மூன்று பக்கமும் குன்றுகள் சூழ, உள்ளே நீர் ஏரிபோல் அசைவற்றுக் கிடக்கிறது. வெளியே கொட்டியாரக் குடா விரிகிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலைச் சேர்வது இக்குடாவிலேதான். மேற்கே சீனன்குடாவில், பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் காட்டினுள்ளே வரிசை வரிசையாய் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது, தாங்கியொன்று எரிந்தழிந்ததென்பது வரலாறு.

இறங்குதுறையில் நின்ற எம் மனைவியார் வரலாறு எதையும் பேசவில்லை. "காலை லோஞ்சைத் தவறவிட்டால் அன்று பாடசாலை இல்லை, தெரியுமா?" என்று மகளிடம் சொன்னார். 1999ஆம் ஆண்டு, நாம் திருக்கோணமலையில் எழுதுவினைஞராயிருந்த காலத்தில், அவருடைய முதல் நியமனமும் மூதூரில்தான். தரை வழியிற் செல்வதாயின் கிண்ணியாவிலும் அதற்கப்பாலும் துறைக்குத் துறை இறங்கிப் பாதையேற வேண்டும். ஆதலால் கடல்வழியே எளிது. அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வாடைக் காற்றுக் காலத்தில் குடா கொந்தளிக்கும்போது, மூத்த மகனை வயிற்றிற் சுமந்தபடி அவர் சென்று வந்த நாட்கள் பல. போர்க்காலமாதலின், ஏறும்போது ஒரு சோதனை, இறங்கும்போது மற்றொன்று. இவற்றையெல்லாம் அப்போது நாம் ஒரு பொருட்டாகக் கேட்டறிந்ததாக நினைவில்லை. மாலையில் அவர் வீடு திரும்பியதும் தேநீர் வந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

2003இல் எமக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வீடு மட்டக்களப்புக்குப் பெயர்ந்தது. மீண்டும் ஓர் உயர்வு. வீடு கல்முனைக்குச் சென்று, பின் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவர் புதிய பாடசாலையில் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தார். அதிபர் சேவைப் பரீட்சைக்கான விண்ணப்பத்தை இருமுறை நிரப்பினார். இருமுறையும் அது தபாற்பெட்டியை அடையவில்லை. முதன்முறை மகளுக்கு நெருப்புக் காய்ச்சல். அடுத்த முறை மகனுக்கு உயர்தரப் பரீட்சை. நாம் தடுத்தோமில்லை. ஆயினும், "நீ எழுது, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னதும் இல்லை. பிரித்தானியாவில் மணமான ஆசிரியைகளை வேலையினின்று நீக்கும் வழக்கம் ஒருகாலத்திற் பரவலாயிருந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது. எம் இல்லத்தில் அத்தகைய விதி எதுவும் எழுதப்படவில்லை. எழுதாமலே நடந்து வந்தது.

மறுநாட் காலை சுவாமி மலைக்குச் சென்றோம். கோட்டை வாயிலைக் கடந்ததும் மான்கள் அச்சமின்றி வழிமறித்து நின்றன. மகள் வாழைப்பழத் தோலை நீட்ட, அவை கையோடு தின்றன. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அக்கற்களைக்கொண்டு கோட்டை கட்டினர் என்பதை யாவரும் அறிவர். திருஞானசம்பந்தர் பாடிய தலத்தில் இன்றுள்ள ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது 1963இல். இராவணன் வெட்டினருகே நின்று கீழே பார்த்தால் கால் கூசும்.

இம்மலையைப் பற்றி ஒல்லாந்தர் காலத்துக் கதையொன்று வழங்குகிறது. பிரான்சினா வான் ரீட் என்ற மங்கை, தன்னைக் கைவிட்ட காதலன் கப்பலேறிச் செல்வதைக் கண்டு, 1687இல் இவ்வுச்சியிலிருந்து குதித்தாள் என்பர். அவள் பெயர் பொறித்த கற்றூணும் இங்கு உண்டு. ஒல்லாந்தரின் பதிவேடுகளை ஆராய்ந்தோரோ, அவள் அதன் பின்னரும் வாழ்ந்தாள், மறுமணமும் புரிந்தாள் என்கின்றனர். எம் மனைவியார் இதைக் கேட்டுச் சிரித்தார். "அவள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை குட்டிகளோடு இருந்திருப்பாள். அதை யார் கதையாகச் சொல்வார்கள்?" என்றார்.

இந்நகரில் மறவாது குறிப்பிட வேண்டியது ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. பெண் பிள்ளைகள் படிப்பதற்கென இதனை 1923இல் நிறுவியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்னும் அம்மையார். மதிலோரம் சிறிது நேரம் நின்றோம். இடைவேளை மணி அடித்தது. எம் மனைவியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அதிபர் ஆவதற்கு ஒருநாள் முன்னரே அப்பழக்கம் தொற்றிவிட்டது போலும்!

மூன்றாம் நாட் காலை பேருந்திலே மூதூருக்குப் புறப்பட்டோம். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின்மீது வண்டி சில விநாடிகளில் ஓடிக் கடந்தது. மற்றைத் துறைகளிலும் இப்போது பாலங்களே. கொட்டியாரக் கரையிலேதான், 1660இல், பழுதுபார்க்க ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ் என்ற இளைஞன் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டான். அவன் தப்பிச் செல்ல ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஆயின. இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தோம். "நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறீர்கள்" என்றார் எம் மனைவியார்.

பாடசாலை சிறியது: இரண்டு கட்டிடங்கள், ஒரு வேப்பமரம், மணலான முற்றம். பிள்ளைகள் செவ்வரத்தம்பூ மாலையோடு வரிசையில் நின்றனர். அலுவலக அறையில் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். பொறுப்பேற்ற திகதியையும் நேரத்தையும் எழுதி, எம் மனைவியார் ஒப்பமிட்டார். வீட்டுக் கணக்குக் கொப்பியில் நாம் கண்டு பழகிய அதே எழுத்து. அதன் கீழே "அதிபர்" என்ற சொல் வந்ததும் எமக்குத் தொண்டை அடைத்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டோம். மகள் மட்டும் அம்மாவின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, விரட்டப்பட்டாள்.

வாரநாட்களில் அவர் பழைய தோழியொருவரின் வீட்டில் தங்குவார். வெள்ளி மாலை மட்டக்களப்புக்கு வருவார். மகளுக்கோ இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சை. பேருந்து புறப்படும்வரை அவர் எமக்குச் சொன்னவை மிளகாய்த்தூள் போத்தல் இருக்குமிடம், எரிவாயு உருளையை மூடும் முறை, மகளுக்குக் கணித வகுப்புள்ள நாட்கள் முதலியன.

வண்டி நகர்ந்து வெகுதூரம் வந்தபின் மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்குப் பிட்டு அவிக்கத் தெரியுமா?"

வெருகலாற்றுப் பாலத்தைக் கடக்கும்வரை நாம் விடை சொல்லவில்லை.