எங்கள் வீட்டு ஜிம்மியும் உள்ளித் தீயலும்

நாய் வளர்ப்பைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நான் மிருக வைத்தியனல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பணியிலிருக்கும்போதே காலமான என் தகப்பனாரின் இடத்தை ஒட்டி ரயில்வேயில் சேர்ந்த ஒரு சாதாரணக் குமாஸ்தா. ஆயினும், அறியாமையால் ஒரு வாயில்லா ஜீவனைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். நம்மவர் வீடுகள் பலவற்றில் இந்த வெள்ளை நாய்கள் வளர்வதால், அந்த யோக்கியதை போதும் என்று நினைத்து எழுதத் துணிந்தேன்.

தகப்பனார் காலமான பிறகு, நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் தனியே இருந்த என் தாயாரை மாட்டுங்காவுக்கு அழைத்து வந்தேன். மாட்டுங்காவில் தமிழுக்குப் பஞ்சமில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். கோயில் வாசலிலும் மார்க்கெட்டிலும் அது உண்மைதான். ஆனால் எங்கள் மாடியில் ஒரு பக்கம் குஜராத்தி, மறுபக்கம் மராத்தி. பழைய தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போய்விட்டன. நானும் என் மனைவியும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். எங்கள் பெண்ணோ, பாட்டி தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் ரகம். பகல் முழுவதும் தாயார் பேசாமலே உட்கார்ந்திருப்பார். அந்த நிலையில்தான், வேலை மாற்றலாகிப் போன ஒரு சிநேகிதர் தம் மூன்று வயது நாயை எங்களிடம் விட்டுச் சென்றார். அன்றிலிருந்து தாயாருக்குப் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. கத்தரிக்காய் விலை முதல் என் மனைவியின் சமையல் வரை சகல விஷயங்களையும் ஜிம்மியிடம் அவர் எடுத்துரைப்பார். ஜிம்மியும் தலையைச் சாய்த்துக் காதை நிமிர்த்திக் கேட்கும். அதற்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது என்பதில் தாயாருக்கு உள்ளூரப் பெருமை.

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் ஜிம்மியைப் ‘பாமரேனியன்’ என்றே சொல்வார்கள். நாங்களும் வெகு நாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். உண்மையில் பாமரேனியா என்பது பால்டிக் கடலின் தென்கரையில் உள்ள பிரதேசம்; இன்று அது ஜெர்மனிக்கும் போலந்துக்கும் உரியது. அங்கிருந்து வந்த நாய்கள் முன்னாளில் பெரியவையாகவே இருந்தன. விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்குச் சென்றிருந்தபோது சிறிய உருவமுள்ள சிலவற்றைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வந்தார். அதன் பிறகு சின்ன நாய்க்கே மவுசு கூடி, இன்று அசல் பாமரேனியனின் எடை இரண்டு மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. 1901-ல் மகாராணி மரணப் படுக்கையில் கிடந்தபோது, டூரி என்ற பாமரேனியன்தான் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்ததாம். மூப்பும் தனிமையும் வந்துவிட்டால் அரண்மனையும் இரண்டு அறை ஜாகையும் ஒன்றுதான் போலும்!

எங்கள் ஜிம்மியின் எடை ஏழு கிலோ. முகமும் சற்று நீளம். இது இந்திய ஸ்பிட்ஸ் என்னும் வகை. ஆங்கிலேயர் காலத்தில் ஜெர்மன் ஸ்பிட்ஸிலிருந்து இந்த நாட்டிலேயே பெருகி, நம் வெயிலுக்கு ஓரளவு பழகிவிட்ட வம்சம். 1994-ல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் டஃபி என்ற பெயரில் நடித்தது இந்த இனம்தான். ஒரு படமோ விளம்பரமோ வந்தவுடன் அதில் கண்ட நாயைத் தேடி ஓடுவதும், மோகம் தீர்ந்ததும் தெருவில் விடுவதும் இந்த நகரத்தில் சகஜம். 2003-ல் ஒரு கைபேசி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சப்பை மூக்குப் ‘பக்’ நாயை வாங்கியவர்கள், பம்பாய்ப் புழுக்கத்தில் அது மூச்சுக்குத் திண்டாடுவதைப் பிறகுதான் கண்டார்கள். ஸ்பிட்ஸுக்கு மூக்கு நீளமாதலால் அந்தத் தொல்லை இல்லை. புத்திசாலி, காவலில் கெட்டி, சிறிய இடத்தில் அடங்கி வாழும். குரைப்புதான் அதிகம். மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் ஊரைக் கூட்டிவிடும். இதனால் கட்டடத்துக் கூட்டத்தில் எனக்குச் சில வசவுகள் கிடைத்ததுண்டு.

மே மாதத்தில் அதன் ரோமத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், “பாவம், மொட்டையடித்து விடக்கூடாதா?” என்பார்கள். அது தவறு. அதற்கு இரட்டை ரோமம். உள்ளே பஞ்சு போன்றது, வெளியே நீளமானது. வெயில் நேரே தோலில் படாமல் காப்பதும் இதுதான். ஒட்ட மழித்துவிட்டால் மறுபடி சரியாக முளைக்காமல் போவதும் உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே விடியற்காலையில் ஐந்து தோட்டத்துப் பக்கம் அழைத்துச் செல்வதும், வாரம் மூன்று முறை அடிவரை சீவி உதிர்ந்த ரோமத்தை எடுப்பதுமே முறை. மழைக்காலத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் தேங்குகிற தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலியின் மூத்திரம் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் 2005 வெள்ளத்திற்குப் பின் இந்நகரில் மனிதரை வாட்டியது. அது நாய்களையும் பற்றும். அதற்கும் வெறிநோய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், என் உத்தியோகத்தோடு சம்பந்தப்பட்டது. ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் தனக்கென்றே எடுக்க வேண்டும். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டிதான். பார்சல் ஆபீசில் அந்தச் சீட்டுகளை எழுதுகிறவன் நான். கோடையில், நாகர்கோவில் வரை ஒன்றரை நாளுக்கு மேல், அந்தப் பெட்டிக்குள் ஜிம்மியை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் வகுப்பு அறைக்கோ என் சம்பளம் இடம் கொடாது. இதைக் கேட்டதும் தாயார், “அப்பம் நானும் போகல்ல” என்று சொல்லிவிட்டார். கொடை பார்க்கக்கூட ஊருக்குப் போகாமல் மூன்று வருஷம் ஓடிற்று.

ஊருக்குத்தான் போகவில்லையே தவிர, ஊர்ச் சமையலை அவர் விடவில்லை. எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயத்தை உள்ளி என்போம். அதைத் தோலுரித்து வதக்கி, வறுத்தரைத்த தேங்காயும் புளியும் சேர்த்து வைப்பது உள்ளித் தீயல். மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல உள்ளி கிடைத்துவிட்டால் இரண்டு நாளைக்குக் காணும்படி வைப்பார். எங்கள் வீட்டில் மீனோ முட்டையோ கிடையாது. ஜிம்மிக்குத் தயிர்ச் சோறுதான். நாங்கள் இல்லாத பகல் வேளையில், தம் தட்டிலிருந்து தீயல் பிசைந்த சோற்றை உருட்டி அதற்குக் கொடுப்பது தாயாரின் வழக்கம். அவர் கையால் ஊட்டாவிட்டால் அது சாப்பிடாது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் ஜிம்மி மாடிப்படி ஏற மறுத்துப் பாதியில் படுத்துவிட்டது. மறுநாள் அதன் மூத்திரம் தேயிலைச் சாயம் போலச் சிவந்திருந்தது. ஈறுகளைத் தூக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தன. ஒரு டாக்ஸி பிடித்துப் பரேலுக்கு, பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். மழைக்காலமாதலால் உண்ணிக் காய்ச்சல் என்றே நான் தீர்மானித்திருந்தேன். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, “என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். “சைவச் சாப்பாடுதான்” என்று நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். “வெங்காயம் உண்டா?” என்றார். எனக்குச் சுரீர் என்றது.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஒரு சத்து நாயின் ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். வேகவைத்தாலும் வதக்கினாலும் அது போகாது. உடம்பு எடையில் ஒரு கிலோவுக்குப் பதினைந்து முதல் முப்பது கிராம் வெங்காயம் போதும் தீங்கு செய்ய. ஒரே நாளில் என்றில்லை, சிறிது சிறிதாகப் பல நாள் போனாலும் அதே பலன்தான். சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்தே குறி காணும் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. வெங்காயத்தை நிறுத்தி, உடம்பு புது ரத்தம் ஊறும்வரை தாங்க வேண்டும். முற்றிவிட்டால் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் கூடவே சொன்னார். நம் பண்டிகை வீடுகளில் இதைக் கவனிப்பார் யார்?

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. தாயாரிடம் என்ன சொல்வது? வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “என்ன மக்களே, டாக்டர் என்ன சொன்னாரு?” என்றார். “உண்ணிக் காய்ச்சல்; மூன்று மாசத்துக்கு மசாலா ஆகாதாம்” என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அந்த நேரத்தில் வேறு வார்த்தை என் வாயில் வரவில்லை. ஜிம்மி பத்துப் பதினைந்து நாளில் தேறி, மறுபடி படியேறிற்று. பொய் பலித்துவிட்டது என்றிருந்தேன்.

ஆனால், ஆஸ்பத்திரிச் சீட்டை என் பெண் எழுத்துக்கூட்டிப் படித்து, பாட்டிக்குத் தெரிய வேண்டும் என்றே போலும், அன்று மட்டும் நல்ல தமிழில், “வெங்காயம் சாப்பிட்டுத்தான் ஜிம்மிக்கு வந்துச்சாம், பாட்டி” என்று சொல்லிவிட்டாள். தாயார் ஒன்றும் பேசவில்லை. இரவு நான் வந்ததும், “எனக்கட்ட ஏன் மறச்சே? நான் அதுக்கு வெசமா மக்களே வச்சேன்?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இதற்கு அவர் என்னைக் கோபித்திருந்தால் தேவலை. அதன் பிறகு எங்கள் வீட்டில் தீயல் இல்லை. சாம்பாரில்கூட உள்ளி விழவில்லை. ஜிம்மிக்குத் தனிச் சிறு பாத்திரத்தில் சோறும் பூசணியும் உப்பில்லாமல் வேகும். டாக்டர் சொன்னபடி முட்டையும் வேண்டுமே என்று நான் இழுத்தபோது, “கீழ வீட்டுல அவிச்சு வாங்கிட்டு வா” என்று அனுமதித்தவரும் அவரே.

போன ஞாயிற்றுக்கிழமை நானே மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ உள்ளி வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உரிக்க உட்கார்ந்தார். ஜிம்மியை உள்ளறையில் விட்டுத் தாழ்போட்டாயிற்று. தீயல் பழைய ருசியில்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்த தாயார் தரையைத் துடைத்து, ஒரு தோல்கூடச் சிந்தவில்லை என்று குனிந்து பார்த்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கையைக் கழுவி, முகர்ந்தும் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகே கதவைத் திறந்து, “வா பிள்ளே” என்று ஜிம்மியைக் கூப்பிட்டார்.