இருபத்துநான்கு வாக்குறுதிகள்

நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளோடு கூடிய காத்திருப்புக் காலத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் திருவருகைக்காலம் என்பர். அந்நாட்களைப் பிள்ளைகளுக்கு எண்ணிக் காட்டுதற்கு ஜேர்மனியின் வீடுகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய முறைகள் மிக எளியவை. கதவில் வெண்கட்டியால் 24 கோடுகள் கீறப்படும். பிள்ளை நாளுக்கொன்றாக அவற்றை அழித்துவரும். கத்தோலிக்க வீடுகளில், பாலன் கிடத்தப்படும் தீவனத் தொட்டியில் நாள்தோறும் ஒரு வைக்கோல் இடப்படும். ஹம்பேர்க் நகரிலே வறிய சிறுவர்க்கு இல்லம் நடாத்திய விகெர்ன் என்ற போதகர், 1839 இல் ஒரு வண்டிச் சக்கரத்தின்மீது ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரிகளும் ஏனைய நாட்களுக்குச் சிறியனவும் நட்டு, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். இவற்றுள் எதுவும் கடையில் ஆயத்தமாக வாங்கப்பட்டதன்று.

அச்சிட்ட நாட்காட்டியும் ஒரு தாயின் கைவேலையிலிருந்தே தோன்றிற்று. மவுல்புறொனிற் பிறந்த கேர்ஹார்ட் லாங் என்பார் சிறுவராயிருந்தபோது, அவருடைய தாய் 24 சிறு பிஸ்கற்றுகளை ஓர் அட்டையிற் பொருத்திக் கொடுத்தார் என்பர். பின்னர் மியூனிக்கில் அச்சகத் தொழிலில் ஈடுபட்ட லாங், 1908 அளவில் வெளியிட்ட நாட்காட்டியில் ஒரு தாளில் 24 படங்களும் மற்றொன்றில் 24 செய்யுட்களும் இருந்தன. பிள்ளை நாள்தோறும் ஒரு படத்தை வெட்டி உரிய இடத்தில் ஒட்டவேண்டும். திறக்கும் சிறு கதவுகள் 1920களிலேதான் வந்தன. கதவுக்குப் பின்னால் சொக்கலேற்றும் வந்து சேர்ந்தபின் பிள்ளைக்கு எஞ்சிய வேலை திறத்தலும் தின்னலுமே.

இந்நிலையில், பொருளுக்குப் பதிலாக ஒரு செயலை வைத்து வீட்டிலேயே நாட்காட்டி செய்யும் பெற்றோரின் முயற்சி, பழைய வழியை மீளவும் தொடுவதாகும். செய்முறை கடினமன்று. 24 கடித உறைகளையோ வெறுந் தீப்பெட்டிகளையோ இலக்கமிட்டு ஒரு கயிற்றிலே தொங்கவிட்டாற் போதும். கடினம் உள்ளே இடும் காகிதத் துண்டிலே உள்ளது. மார்கழி 4 ஆம் திகதி, புனித பார்பராவின் நாளில், செரி மரக் கிளையொன்றை வெட்டி நீரில் வைத்தல். 5 ஆம் திகதி இரவு, மறுநாள் வரும் புனித நிக்கலசுக்காகச் சப்பாத்துகளைத் துடைத்து வாயிலில் வைத்தல். ஒரு சனிக்கிழமை பிஸ்கற்றுச் சுடுதல். பேத்தியார்க்குக் கடிதம் எழுதுதல். இவையெல்லாம் எழுதுவதற்கு இனியவை. ஆனால் மா இல்லாத வீட்டில் பிஸ்கற்றுச் சுட இயலாது. ஆகவே துண்டுகளை எழுதுவோர் முதலிற் பார்க்கவேண்டியது தம் வேலை நேர அட்டவணையையே.

இரவுப் பணிக்குச் செல்லும் தாதி ஒருத்தியின் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். சொக்கலேற்று நாட்காட்டிக்குத் தாய் தேவையில்லை. அவள் உறங்கும்போதும் பிள்ளை தானே கதவைத் திறந்துகொள்ளும். காகிதத் துண்டோ அவளையும் அழைக்கின்றது. "இன்று நாம் இருவரும் ஆற்றங்கரைக்கு நடப்போம்" என்று எழுதிய கையே அன்று களைத்து வீடு திரும்பும். அந்நடை நிகழாது போனால் பிள்ளை இழப்பது நடையை மட்டுமன்று. அடுத்த உறையைத் திறக்கையில் அதிலுள்ள சொற்களை நம்பலாமா என்ற ஐயம் அதன் உள்ளத்திற் புகுந்துவிடும். இத்தகைய நாட்காட்டி பெற்றோர் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் கடன்பத்திரம் போன்றது. அதுவும் 24 தவணைகளில்! எனவே வேலை நாட்களுக்குச் சிறு துண்டுகளே தகும். விளக்கை அணைத்து மெழுகுதிரி ஒளியில் உண்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவேண்டியதில்லை. ஒருநாள் தவறினால் அத்துண்டை வீசிவிடாது, பிள்ளை பார்த்திருக்க வேறோர் உறையில் இடுவதே நேர்மை. சில உறைகளைப் பிள்ளையே எழுதட்டும் என விடுவதும் நன்று. பிள்ளைகள் கேட்பவை பெரும்பாலும் மிகச் சிறியனவாக இருக்கும்: ஒரே கதையை இருமுறை வாசித்தல், சமையலறையில் அருகே நிற்றல் போன்றவை.

1980களிலிருந்து ஜேர்மனியிற் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளுக்கு இந்நாட்காட்டி பாலர் பாடசாலை வழியாகவே பெரும்பாலும் வந்தது. சைவ வீடுகளும் அதற்கு விலக்கல்ல. அங்கே பேத்தியார்க்கு எழுதும் கடிதம் தனிப் பொருள் பெறுகின்றது. தமிழெழுத்துத் தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் அன்று யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒரு பக்கக் கடிதம் ஒரு மாலைப் பொழுதை விழுங்கிவிடும்.

பார்பராவின் கிளை, அறையின் வெம்மையில் ஏறத்தாழ மூன்று கிழமைகளிலே மொட்டவிழ்ந்து நத்தாருக்குப் பூப்பதுண்டு. சில ஆண்டுகளிற் பூப்பதில்லை. அதன் நீரைச் சில நாட்களுக்கொருமுறை மாற்றவேண்டும். அதற்கும் இரண்டொரு துண்டுகளை ஒதுக்கி வைத்தல் நலம்.