நானே குறைத்த மாத்திரை

இதனை எழுதலாமா எனப் பல நாள் தயங்கினேன்.

2019-ஆம் ஆண்டு, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. உறக்கமில்லை, சபைகூடலில் பேச எழுந்தாலே நெஞ்சு படபடத்தது. மருத்துவர் பதற்றநோய் என்றார். எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், நாள்தோறும் ஒன்று எனக் கொடுத்தார். மூன்று மாதங்களில் மனம் தெளிந்தது. அங்கேதான் பிழை செய்தேன். பழகிவிடுமோ என்றஞ்சி, எவரிடமும் கேளாமல் பாதியாக்கினேன். பிறகு தலைவலி மாத்திரை போல, படபடத்த நாளில் மட்டும் விழுங்கினேன்.

இரண்டு வாரங்கள் கழித்து, வெண்பலகையை நோக்கித் திரும்பும்போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓர் அதிர்வு. கூடவே கிறுகிறுப்பு, காரணமற்ற சினம். 'பள்ளம்' என்பதைப் 'பல்லம்' என எழுதிய மாணவனிடம் கத்திவிட்டேன். வகுப்பே உறைந்துபோனது.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. இம்மருந்து அன்றன்றைய படபடப்பை அடக்குவதன்று. நாள்தோறும் உட்கொண்டால் சில வாரங்களில்தான் முழுப்பயன் தரும். திடீரென நிறுத்தினால் இத்தகைய தொல்லைகள் வரும். நிறுத்தும் காலத்தில் படிப்படியாகக் குறைக்கலாம் என்று விளக்கினார். வினாவை முழுமையாகப் படி என்று ஓயாமல் சொல்பவள், மருந்துறையில் எழுதியிருந்த ஒரு வரியைப் படித்தும் மதிக்கவில்லை!

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "என் மேல்தான் தவறு, ஐயா" என்றேன். அவன் பயிற்றேட்டை நீட்டினான்.

"திருத்தம் எழுதிட்டேன், டீச்சர்."