ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

கிளாசிக் கார் கிளப்களில் இரண்டு வகை உறுப்பினர்கள் இருக்கிறோம். ஒருவருக்குத் தன் கார் கண்காட்சி மைதானத்தில் போய் நின்றால் போதும். இன்னொருவருக்கு அது சாலையில் போக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே பைத்தியம்தான். பட்டறைக்குள் வந்து பார்த்தால் வேலையின் வரிசையே வேறு. கண்காட்சி வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடலாம். பானெட்டைத் திறக்கும் நடுவர் அங்கே ஒயரின் நிறத்தையும் ஹோஸ் கிளிப்பின் வடிவத்தையும் ஸ்குரூவின் தலையையும் பார்ப்பார். ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நிதி திரட்ட நாங்கள் நடத்தும் நன்கொடைப் பயணத்துக்குப் போகும் வண்டியின் பின் சீட்டிலோ நமக்கு முன்பின் தெரியாத பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். யாரோ நம்மை நம்பி ஏற்றிவிடுகிற பிள்ளைகள். அந்த எண்ணம் வந்துவிட்டால் ‘வண்டி ஓடுமா’ என்ற கேள்வி பின்னால் போய், ‘நிற்குமா’ என்பது முன்னால் வந்து நிற்கும்.

நான் அதிகம் கைவைத்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டில். சென்னைக்காரர்களுக்கு அது சொந்த ஊர் வண்டி. அதற்கு முன்பே இங்கே கார் பூட்டியவர்கள் உண்டு: 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. 1961இல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. அம்பாசடர் வங்காளத்திலிருந்தும் பியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில், ஹெரால்டு ஜி.எஸ்.டி. சாலை வழியாக நேராக நம் தெருவுக்கு வந்தது. டாக்டர் வீட்டு வண்டி, வக்கீல் வீட்டு வண்டி என்று அடையாளம் சொல்லும் அளவுக்குப் பழகிப்போன முகம்.

அந்தக் காரின் அமைப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பழுது பார்ப்பவனுக்கு அது தெரிந்திருப்பது நல்லது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் இந்தக் காரைத் திட்டமிட்ட காலத்தில், பெரிய பாடிகளை அழுத்திக் கொடுத்துவந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழுப் பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லை. ஆகவே தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி என்று முடிவு செய்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் மிகெலோட்டி. 1959இல் அங்கே விற்பனைக்கு வந்தது. வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு, கப்பலில் பாகங்களாக வரவழைத்துப் பூட்டும் நாடுகளுக்குப் பெரிய வசதியாகிவிட்டது. இன்றைக்கு எங்களுக்கும் அதுதான் வசதி. கூரையைக் கழற்றலாம், பின்பக்கத்தைக் கழற்றலாம். பானெட் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரை டியூன் செய்கிற சுகம் வேறு எந்தக் காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கழற்றுவது சுலபம் என்பதால் பூட்டுவதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் மெத்தைகள் உண்டு. அங்கே ஒரு வாஷர் கூடினாலோ குறைந்தாலோ கதவின் இடைவெளி மாறிவிடும். அனுபவமுள்ள டின்கர் பெயின்ட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். முதலில் வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, இன்ஜினையும் சீட்டையும் ஏற்றிப் பாரம் கொடுத்து, எல்லாக் கதவுகளையும் திறந்து மூடிப் பார்ப்பார். “கேப்பு சரியாகாம பெயின்ட்டுக்கு அனுப்பாதீங்க சார். அப்புறம் பட்டிதான் கதவா நிக்கும்” என்று ஒருவர் சொன்னதை நான் புதிதாக வரும் எல்லா உறுப்பினர்களிடமும் சொல்கிறேன். தகரம் சேர வேண்டிய இடத்தில் பட்டியைச் சேர்த்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். கடற்கரை ஊரில் அதுகூட நிச்சயமில்லை.

சேஸிஸில் நான் முதலில் பார்ப்பது பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீளும் கைகளை. சேறும் தண்ணீரும் தங்கும் இடம் அதுதான். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருப்பிடித்தது மந்தமாக முனகும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்திப் பார்ப்பேன். உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். மேலே தகடு வைத்து மூடுவது பாவம் என்றே சொல்வேன்.

இனி பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம், ஹைட்ராலிக் அமைப்பு, ஒரே சர்க்யூட். இந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான் ஆபத்து இருக்கிறது. இன்றைய கார்களில் ஒரு பாதி கசிந்தாலும் மறு பாதி வண்டியை நிறுத்திவிடும். ஹெரால்டில் ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் கிழிந்தால் மொத்த மிதியும் பலகை வரை போய்விடும். அதனால் நன்கொடைப் பயணத்துக்குப் போகும் வண்டியில் ‘இது இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற பேச்சுக்கு இடம் கொடுப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டர்களிலும் கிட் மாற்றுவோம். உள்சுவரில் குழி விழுந்திருந்தால் லேத்தில் கடைந்து ஸ்லீவ் போடுவோம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பார்வையால் நம்ப முடியாது. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுள்ளது. நின்றே கிடந்த வண்டியில் அது பழுப்பாகிக் குழாயை உள்ளிருந்தே அரித்திருக்கும். டயரும் அப்படித்தான். பட்டன் முழுசாக இருப்பதைக் காட்டி உரிமையாளர் பெருமைப்படுவார். நான் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்க எண்ணைத் தேடுவேன். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. வயதான டயரில் பட்டன் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஹெரால்டின் முன் சக்கரத்தில், பலருக்கும் தெரியாத ஒரு பாகம் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதைப் பித்தளைக் கட்டை ஒன்றுக்குள் திருகியிருப்பார்கள். பெயர் டிரன்னியன். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. சேஸிஸுக்குக் கீழே தலை நுழைத்து, கண்ணில் படும் எல்லா இடத்திலும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது நம் பட்டறைகளின் பழக்கம். இங்கே அது கூடாது. டிரன்னியனுக்கு வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, இறங்காத இடத்தில் தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மடிந்து உட்காரும். ஒரு பழைய ஹெரால்டு நன்றாகப் பராமரிக்கப்பட்டதா என்று கேட்டால் நான் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. டிரன்னியனைச் சுற்றி ஆயில் கசிந்த ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பேன். பின்சக்கரங்களில் இன்னொரு குணம் உண்டு. குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில் இரண்டும் தனித்தனியாக ஆடும். வளைவில் வேகமாகத் திருப்பிவிட்டு நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இதைச் சரிசெய்ய முடியாது, ஓட்டுபவருக்குச் சொல்லிவைக்கத்தான் முடியும்.

இன்ஜின் 948 சி.சி. இங்கிலாந்தில் 1961லேயே 1147 சி.சி. வந்துவிட்டது, இங்கே ஹெரால்டுக்குக் கடைசிவரை பழைய இன்ஜின்தான். சாதுவான இன்ஜின். ஒரே ஒரு பலவீனம், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள். தேய்ந்தால் அவை நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே கடைய ஆரம்பிக்கும். சோதிப்பது எளிது. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் பயணத்தை மறந்துவிடலாம். இருக்கக்கூடிய நகர்வு சில தௌதான், அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்ததில் சில பங்கு. இது சரியாக இருந்து, கம்ப்ரஷனும் ஆயில் பிரஷரும் ஒழுங்காக இருந்தால், நான் இன்ஜினைத் திறப்பதில்லை. ‘எதற்கும் ஓவராயில் பண்ணிடலாம்’ என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் பணம் தின்னும் வாக்கியம்.

இந்த வண்டிகள் பிறந்தபோது இருந்த பெட்ரோல் இப்போது இல்லை. 2000இல் ஈயம் போனது. பழைய ஹெட்டுகளில் வால்வு சீட்டுக்கு ஈயம்தான் காப்பு. அடுத்த முறை ஹெட் இறங்கும்போது கடினமான சீட் பதிப்பதைத் தவிர வழியில்லை. இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பரை ஊறவைக்கும், பம்ப்பின் டயாபிரத்தைக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துருவை வளர்க்கும். அதனால் பெட்ரோல் ஓடும் பாதை முழுவதும் புது ஹோஸ் போடுகிறோம். பயணம் முடிந்ததும் டேங்கில் பெட்ரோலைத் தேங்கவிடுவதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். சிக்னலில் நின்ற வண்டி மூச்சுவாங்கி அணைந்தால், பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கும் பழைய வித்தை இன்னும் வேலை செய்கிறது. நின்று நின்று போவது டைனமோவுக்கும் ஆகாது, ஐடிலில் அது பேட்டரிக்கு எதையும் தராது. சென்னை நெரிசலில் லைட்டும் ஹார்னும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். ஆகவே எங்கள் பயணங்கள் ஞாயிறு விடியலில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய், வெயில் ஏறுவதற்குள் முடியும். எல்லாவற்றிலும் மெதுவான வண்டி முன்னால் போகும். வேகத்தை அதுதான் தீர்மானிக்கும்.

கிளப்பில் ஓயாத சண்டை ஒன்று உண்டு: சீட் பெல்ட். ஆலையில் இல்லாததைப் போட்டால் அசல் தன்மை போய்விடும் என்பார் ஒருவர். கண்காட்சிக்கு அந்த வாதம் செல்லும். என் பட்டறையில், பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்குச் செல்லாது. தரையின் அடியில் கனத்த தகடு வைத்து, பிற்காலத்தில் கழற்றினாலும் தடம் தெரியாதபடி பெல்ட்டைப் பூட்டித் தருகிறேன். கழற்றித் திரும்ப வைக்க முடிகிற எந்த மாற்றமும் அசலைக் கெடுத்ததாகாது என்பது என் அளவுகோல். வெட்டியெடுத்தால்தான் கெட்டது.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத் தனியாக ‘வி.ஏ.’ வரிசைப் பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அந்த எண் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, வணிக நோக்கில் ஓட்டவே கூடாது. ஊர்வலம், கண்காட்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. இதனால் ‘இவ்வளவு கொடுத்தால் ஒரு சுற்று’ என்று டிக்கெட் போடும் பேச்சு எழும்போதெல்லாம் நாங்கள் மறுத்துவிடுகிறோம். உறுப்பினர்களின் நுழைவுக் கட்டணமும் நிறுவனங்கள் தரும் தொகையும் இல்லத்துக்குப் போகும். பிள்ளைகள் சும்மா வந்து உட்கார்ந்து போவார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வியை யாராவது கேட்பார்கள். வண்டியைத் தயார் செய்ய ஆன செலவை நேரடியாக அந்த இல்லத்துக்கே கொடுத்திருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்குமே? கிடைத்திருக்கும். மழுப்ப எதுவுமில்லை. ஆனால் அந்தப் பணம் அங்கே போயிருக்காது. கார் இல்லாவிட்டால் அது வேறு ஏதோ ஓர் ஆசைக்குப் போயிருக்கும். பயணத்தால் வரும் பணம் வேறு. வேடிக்கை பார்க்க வந்து, விசாரித்து, பிறகு ஆண்டுதோறும் தருகிறவர்களுடைய பணம் அது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதத் தொடங்கும்போதுதான் தவறு நேர்கிறது. காருக்கான செலவு உரிமையாளரின் ஆசைக்கணக்கு. அதில் ஒரு ரூபாயைக்கூட ‘நன்கொடைக்காகச் செய்தேன்’ என்று காட்டக் கூடாது. பயணத்தில் வசூலான தொகையிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கின் விலையைக்கூடக் கழிக்கக் கூடாது.

இதைவிட முக்கியமானது கூலி. புதுப்பேட்டையில் ஒரு பாகத்துக்காகத் தேடி அலைகிறபோதும், டின்கரிடம் தகடு தட்டக் கொடுக்கிறபோதும், லேத்தில் சிலிண்டர் கடையச் சொல்கிறபோதும், ‘தர்ம காரியம்தானே, பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். அவரும் மறுக்க மாட்டார். பிள்ளைகள் என்றால் இங்கே யாருக்கும் மனம் இளகும். அப்படிச் செய்தால் நன்கொடையின் ஒரு பங்கு அவர் சம்பளத்திலிருந்து வருகிறது. மேடையில் பெயர் படிக்கப்படுவது மட்டும் நம்முடையதாக இருக்கிறது. தகரத்தைக் கையால் தட்டி வளைவு கொண்டுவரத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். இந்த வேலைக்கு முழுக் கூலி கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அவர்கள் தம்பி மகனையாவது பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆகவே எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். பட்டறைக்காரருக்கு முழுக் கூலியும் கைக்குப் போன பிறகுதான் வண்டியின் பெயர் பயணப் பட்டியலில் ஏறும்.