முதலில் வினாகிரி, பிறகே பழம்

சஹனில் நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் இருந்தால் மட்டும் போதுமா? ஓரத்தில் ஒரு கரண்டி அச்சாறு இல்லாவிட்டால் விருந்து நிறையாது என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் வினாகிரியில் ஊறிய மலாய் அச்சாறு என்றால் கேட்கவே வேண்டாம். வினாகிரியை நல்லதொரு தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆகவே நம் அடுக்களையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு.

அண்மையில் பக்கத்து வீட்டு மருமகள் என்னிடம் கேட்டாள்: “ராத்தா, பழம் போட்ட வினாகிரியை வீட்டிலேயே செய்யலாமாம். அது நமக்கு ஆகுமா?” நல்ல கேள்வி. உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழச்சாற்றையும் சீனியையும் தண்ணீரில் கலந்து வைத்தால் அது நேரடியாக வினாகிரி ஆவதில்லை. முதலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சீனியைத் தின்று மதுவாக்குகிறது. அதன் பின்னர் காற்றுப் பட்டால் வேறொரு வகைப் பக்டீரியா அந்த மதுவை அசற்றிக் அமிலமாக மாற்றுகிறது. இந்த இரண்டாம் படி உயிருள்ள கிருமிகளின் வேலை என்பதை 1860களில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்கினார். நம் நாட்டில் தென்னங்கள்ளிலிருந்து வினாகிரி எடுப்பதும் இதே வழியில்தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். மது தானாகவே முழு வினாகிரியாக மாறிவிட்டால் அது சுத்தமானது என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடில்லை. ஆனால், அதை மாற்றுவதற்காக ஏதேனும் ஒரு பொருளை அதில் போட்டால் அது சுத்தமாகாது என்பது நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. ஆகவே, பழத்தைப் புளிக்கவைத்து ஆரம்பத்திலிருந்தே வினாகிரி செய்ய விரும்பும் சகோதரிகள் ஊரிலுள்ள ஆலிமிடம் விளக்கம் கேட்ட பிறகே பானையை அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள்.

நான் அந்த மருமகளுக்குச் சொன்ன வழி இலகுவானது: முதலில் வினாகிரி, பிறகே பழம். ஏற்கெனவே வினாகிரியாகிவிட்டதை, ஹலால் முத்திரை பார்த்து, கடையில் வாங்குங்கள். ‘செயற்கை வினாகிரி’ என்று எழுதியிருந்தால் அது அசற்றிக் அமிலத்தை நீரில் கலந்தது. காரம் தூக்கலாக இருக்கும், மணம் குறைவு. பழம் ஊறப்போட இயற்கை வினாகிரியே சிறந்தது. கடும் அமிலத்தை வாங்கி வீட்டில் நீர் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அது தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

இனிச் செய்முறை. கண்ணாடிப் போத்தலொன்றைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்தெடுத்து ஈரமின்றி உலர்த்துங்கள். அன்னாசி, மாம்பழம், நாவற்பழம் எதுவானாலும் அழுகல் இல்லாததாகத் தெரிந்து, கழுவித் துடைத்து, சிறு துண்டுகளாக்கி 1 கோப்பை போடுங்கள். நாவற்பழத்தை இலேசாக நசித்தால் போதும். சிறு துண்டு கறுவாவும் 2 கராம்பும் சேர்க்கலாம். 2 கோப்பை வினாகிரியைக் கொதிக்கவிடாமல் ஆவி பறக்குமளவு சூடாக்கி, பழம் மூழ்கும்படி ஊற்றுங்கள். அலுமினியச் சட்டியும் செப்புப் பாத்திரமும் ஆகாது. புளிப்பு அவற்றை அரிக்கும். வெயில் படாத இடத்தில் 2 வாரம் வைத்து, மெல்லிய சீலையில் வடித்து, பழத்தை நீக்கிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். போத்தலில் எழுதியுள்ள அமில அளவு 5 சதவீதமாக இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் தொடக்கம் முதலே குளிரில் வைத்து விரைவில் முடித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்தாலோ நுரை பொங்கினாலோ, மனம் இரங்காமல் கொட்டிவிடுங்கள்.

இது எதற்கெல்லாம் உதவும்? வெள்ளரிக்காய், வெங்காயச் சம்பலுக்கு ஊற்றலாம். பொரித்த மீனுக்குத் தெளிக்கலாம். ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் தேனுடன் கலந்தால் நோன்பு திறக்க அருமையான பானம். யூனானி வைத்தியத்தில் பெயர்பெற்ற சிக்கன்ஜபீனும் வினாகிரியும் தேனும் சேர்ந்ததுதான். நம் சவளக்கடையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து கல்முனைச் சந்தைக்குப் போகமுடியாத மாரி நாட்களில், ஒரு போத்தல் அச்சாறு எத்தனை வீடுகளில் வெறும் சோற்றைக் கறியோடு சாப்பிட்டது போல ஆக்கியிருக்கிறது!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உடல் மெலியும், சீனி வியாதி மாறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வினாகிரியைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பல்லின் மேற்பூச்சை அரிக்கும். தொண்டையையும் வயிற்றையும் எரிக்கும். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதை மருந்தாக்க வேண்டாம். வினாகிரி நல்ல தொடுகறி, தொடுகறியாகவே இருக்கட்டும்.

வாயில் வைப்பது ருசியாக இருந்தால் மட்டும் போதாது, எங்கிருந்து எப்படி வந்தது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவேண்டும் அல்லவா? இந்த முறை பேரீச்சம்பழம் மிஞ்சினால், இன்ஷா அல்லாஹ், ஒரு சிறு போத்தலில் ஊறப்போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள்.