உப்பு கடைசியில்

கோஸைப் பச்சையாகச் சாப்பிடலாம் என்றால் நம் பக்கத்தில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். பொரியலாகவோ கூட்டாகவோ வெந்து வந்தால்தான் அது அவர்களுக்குக் காய். வெந்த கோஸின் வாடை பிடிக்காமல் அதை இலை ஓரத்தில் ஒதுக்குகிறவர்களும் இவர்களில் பலர்தான். அந்த வாடை நெடுநேரம் வேகவைப்பதால் வருவது. கோஸில் இயல்பாக உள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் சிதைந்து, வேக வேகப் பெருகும். பச்சைக் கோஸை நறுக்கி முகர்ந்து பாருங்கள், லேசான இனிப்பும் மூக்கின் நுனியில் ஒரு சுருக்கும் மட்டும்தான் இருக்கும். கோயம்புத்தூரில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்பும் என் அடுக்களையில், சாம்பார், ரசம், பொரியலுக்குப் பக்கத்தில் காரமான பச்சைக் கோஸ் சாலட்டும் ஒரு டப்பாவில் போகிறது. சோற்றைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள்தான் முதலில் கேட்டார்கள். இப்போது மற்றவர்களும் கேட்கிறார்கள்.

இந்த சாலட்டில் கைப்பக்குவம் என்று சொன்னால் அது தண்ணீரைப் பற்றியதுதான். 100 கிராம் கோஸில் ஏறக்குறைய 92 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீர் இலையின் ஒவ்வொரு அணுவறைக்குள்ளும் முட்டிக்கொண்டு நிற்கும்வரை கோஸ் காற்றடைத்த சைக்கிள் டியூப் போல விறைப்பாக இருக்கும். பல் பட்டதும் அந்த அறைகள் வெடிப்பதைத்தான் நாம் மொறுமொறுப்பு என்கிறோம். தண்ணீர் வெளியே வந்துவிட்டால் அதே கோஸ் துவண்டு, கிண்ணத்தின் அடியில் உப்புநீர் தேங்கி, மேலே போட்ட காரமும் புளிப்பும் அதில் இறங்கிவிடும். ஆகவே உள்ளே இருக்கும் தண்ணீரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும், வெளியில் ஒட்டிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் எடுக்க வேண்டும்.

இது சந்தையிலேயே தொடங்குகிறது. எங்களுக்குக் கோஸ் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வருகிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்களைப் பயிர்செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து மலைக்காய் என்றால் கேரட், பீட்ரூட், கோஸ், உருளைக்கிழங்குதான். ஒட்டன்சத்திரம், ஓசூர்ப் பக்கத்துக் கோஸும் வரும். எந்த ஊர்க் கோஸாக இருந்தாலும் நான் பார்ப்பது கனத்தைத்தான். ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் ஏந்தினால் கனமானதில் இலைகள் இறுக அடுக்கியிருக்கும். அமுக்கினால் உள்வாங்கும் கோஸ் பொரியலுக்குப் போகட்டும். காம்பு வெட்டிய இடம் வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்தால் புதிது. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் அறுத்து நாளாகிவிட்டது. நல்ல மழைக்குப் பிறகு வெடித்த தலைகள் வரும். வேர் ஒரேயடியாக இழுத்த தண்ணீரைத் தாங்காமல் பிளந்தவை அவை. ருசியில் குறையில்லை, ஆனால் பிளவுக்குள் மண் புகுந்திருக்கும் என்பதால் பச்சையாகப் பரிமாற நான் எடுப்பதில்லை.

கழுவுவதில் எனக்குச் சமரசமே கிடையாது. கோஸின் பெரிய எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் புழுவை அடக்க விவசாயி மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது, அதில் மிகுதியாகப் படுவது வெளி இலைகளில்தான். மேலிருந்து மூன்று நான்கு இலைகளை யோசிக்காமல் எடுத்துவிடுவேன். கோஸ் தின்றால் மூளையில் புழு வரும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. அதைச் சிரித்து ஒதுக்க முடியாது, ஆனால் காரணம் கோஸ் அல்ல. மனிதக் கழிவு கலந்த தண்ணீரோ மண்ணோ பட்ட எந்தக் காயிலும் நாடாப்புழுவின் முட்டை ஒட்டியிருக்கலாம். இலை மடிப்புகள் அதிகம் என்பதால் கோஸின் மேல் பழி அதிகம். நன்றாக வேகவைத்தால் முட்டை செத்துவிடும். பச்சையாகப் பரிமாறும்போது கழுவுவது மட்டுமே காவல். உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் புழு வெளியே வரும், அது நல்ல பழக்கம்தான். ஆனால் மருந்தையோ முட்டையையோ அது கரைத்துவிடும் என்று நம்பக் கூடாது. தலையை நான்காகப் பிளந்து, தண்டை எடுத்து, இலைகளைப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். நறுக்கிய பிறகு கழுவிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

என் அடுக்களையில் நறுக்கும் பெண்ணுக்கு அரிவாள்மனைதான் பழக்கம். கழுவிய இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுகச் சுருட்டி, கொழுக்கட்டை பிடிப்பது போன்ற பிடியில் அலகின் மேல் தள்ளுவாள். நடுநரம்புக்குக் குறுக்கே வெட்டு விழும். நரம்போடு நீளவாக்கில் வெட்டினால் நாராக வாயில் மாட்டும். குறுக்கே வெட்டினால் நரம்பே நறுக்கென்று கடிபடும் துண்டாகிவிடும். கனம் 2 மில்லிமீட்டர் இருந்தால் எனக்குத் திருப்தி. அதைவிட மெலிந்தால் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும். தடித்தால் காரம் உள்ளே போகாமல் மாட்டுத் தீவனம் மெல்லுவது போலாகிவிடும். துருவியைத் தொடவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். துருவி வெட்டுவதில்லை, கிழிக்கிறது. கிழிந்த அறைகளிலிருந்து தண்ணீர் அப்போதே கசியத் தொடங்கிவிடும். கூர் மழுங்கிய கத்தியும் அதே வேலையைத்தான் செய்யும்.

நறுக்கியதைக் குடிக்கிற தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு பத்து நிமிடம் மூழ்கவைக்கிறோம். வெளியில் இருப்பது வெறும் தண்ணீர், அணுவறைக்குள் இருப்பது சர்க்கரையும் தாதுக்களும் கலந்த சாறு. அதனால் தண்ணீர் உள்ளே ஏறும், வாடிய துண்டுகூட விறைத்துச் சுருளும். அதற்கு மேல் ஊறினால் வைட்டமின் சி தண்ணீரோடு போகும். 100 கிராம் பச்சைக் கோஸில் 36 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும் சத்து அது, பச்சையாகத் தருவதற்கு ஒரு முக்கியக் காரணமும் அதுதான். பிறகு சல்லடையில் வடித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் மெல்லப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட வேண்டும். இந்த வேலையைத்தான் வீடுகளில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் உள்ளங்கை நனையக் கூடாது. ஈரத்தோடு கலந்த சாலட்டுக்கு எவ்வளவு மிளகாய் போட்டாலும் உறைக்காது.

ஏன் உறைக்காது? மிளகாயின் காரம் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். பச்சை மிளகாயை வெறுமனே அரிந்து தூவினால் ஒரு வாயில் கண்ணீர் வரும், அடுத்த வாயில் சப்பென்று இருக்கும். காரம் எல்லாத் துண்டிலும் ஒரே சீராகப் படிய வேண்டுமென்றால் அதை எண்ணெயில் இறக்கி, எண்ணெயைக் கோஸின் மேல் பூச வேண்டும். தாளிப்பு என்று நம் வீடுகளில் செய்வது இதைத்தான். அரைக் கிலோ கோஸுக்கு இரண்டு தேக்கரண்டி கடலெண்ணெய் போதும். கடுகு வெடித்ததும் தீயைத் தணித்து, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை. அடுப்பை அணைத்த பிறகு, ஒன்றிரண்டாக இடித்த வரமிளகாய் ஒரு தேக்கரண்டி. கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அது கருகிக் கசக்கும். அணைத்த பிறகு போட்டால் எண்ணெய் சிவந்து வரும். அந்த எண்ணெயை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டே கோஸில் ஊற்ற வேண்டும். சுடச்சுட ஊற்றினால் கோஸ் பாதி வெந்துவிடும். குஜராத்திகளின் சம்பாரோவில் கோஸையும் கேரட்டையும் தாளிப்பிலேயே போட்டு ஒரு நிமிடம் புரட்டி எடுப்பார்கள். காந்தியா என்ற கடலைமாவு நொறுக்குத்தீனியோடு சாப்பிட அது அருமை, ஆனால் அதன் கடிபாடு வேறு. தேங்காய் எண்ணெய் ருசிக்கு நல்லதுதான், ஆனால் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஐஸ் தண்ணீரில் குளித்து வந்த கோஸின் மேல் அது வெள்ளைத் திட்டுகளாக நிற்கும்.

மிளகாய்க் காரம் நாக்கில் தங்கும். மூக்குக்கு ஏறும் காரம் வேண்டுமென்றால் அதற்குக் கடுகு இருக்கிறது. கடுகும் கோஸும் ஒரே குடும்பத்துச் செடிகள். கோஸை நறுக்கியதும் வரும் அந்தச் சுருக்கும் கடுகின் காட்டமும் ஒரே வகைச் சேர்மங்களால் வருபவை. செடியில் தனித்தனியாக இருக்கும் ஒரு நொதியும் ஒரு சத்தும் வெட்டும்போதோ அரைக்கும்போதோ கலந்துதான் அந்தக் காட்டம் பிறக்கிறது. தாளித்த கடுகில் மணம் இருக்கும், காட்டம் இருக்காது. சூட்டில் நொதி செத்துவிடும். அதனால் ஒரு தேக்கரண்டி கடுகைத் தனியே எடுத்து, பச்சையாகப் பொடித்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்துக் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வைக்கிறேன். அதற்குப் பிறகே எலுமிச்சைச் சாறு. முதலிலேயே புளிப்பு சேர்த்தால் நொதி மந்தமாகிக் காட்டம் ஏறாது. காட்டம் ஏறிய பின் சேர்த்தால் அதை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும். எங்கள் சாலட்டைச் சாப்பிட்டவர்கள் மறக்காமல் கேட்பது இந்த விழுதைத்தான்.

கூடப் போடுபவற்றில் நான் கறாராக இருக்கிறேன். ஊறிய பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேரும். கோசுமல்லி செய்கிறவர்களுக்கு அது பழகியது. நீளமாக அரிந்த கேரட் இனிப்புக்கு. வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை, மல்லித்தழை. சித்திரையில் கிளிமூக்கு மாங்காய் வந்தால் எலுமிச்சைக்கு விடுப்பு. தக்காளியும் வெள்ளரியும் வேண்டாம், இரண்டும் தண்ணீரைக் கொட்டும். வெங்காயம் மணிக்கணக்கில் டப்பாவில் அடைந்து கிடந்தால் மற்ற எல்லா மணத்தையும் அடக்கிவிடும். தேங்காய்த் துருவல் வீட்டில் அப்போதே சாப்பிடுவதற்கு மட்டும். மதிய வெயிலில் வண்டியில் போவதில் அதைச் சேர்க்க மாட்டேன், கெட்டுவிடும். ஊதாக் கோஸ் கேட்கிறவர்களுக்கு அதையும் செய்து தருகிறோம். எலுமிச்சை பட்டதும் அது கண்ணுக்கு அழகான இளஞ்சிவப்புக்கு மாறும், ஆனால் இலை தடிப்பு. இன்னும் மெல்லியதாக அரிய வேண்டும்.

கலக்கும் வரிசைதான் இனி மிச்சம். முதலில் ஆறிய தாளிப்பு எண்ணெயைக் கோஸில் ஊற்றி, கையால் அடியிலிருந்து அள்ளி அள்ளிப் புரட்ட வேண்டும். கரண்டி வேண்டாம், எந்தத் துண்டில் எண்ணெய் படவில்லை என்று விரலுக்குத்தான் தெரியும். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பின்னால் வரும் உப்பு துண்டைத் தொடக் கொஞ்சம் தாமதமாகும். அடுத்து பருப்பும் கேரட்டும். அடுத்து கடுகு விழுது. உப்பு கடைசி. உப்பு பட்டதும் தண்ணீர் உள்ளிருந்து வெளியே நடக்கத் தொடங்கிவிடும், அதை யாராலும் நிறுத்த முடியாது. கால் மணி நேரத்தில் பளபளப்பு மாறும், அரை மணியில் கிண்ணம் நனையும். ஊறுகாய்க்கும் கிம்ச்சிக்கும் வேண்டியது இதுவேதான். அங்கே உப்பைப் போட்டு மணிக்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள், அந்தத் துவட்சியும் ஒரு ருசி. நமக்கு வேண்டியது அது அல்ல.

ஆகவே அலுவலகத்துக்குப் போகும் டப்பாவில் நாங்கள் உப்பைக் கலப்பதே இல்லை. "அக்கா, உப்புப் போட்டுடட்டுமா?" என்று நறுக்கும் பெண் கேட்பாள். "வேண்டாம் கண்ணு, பொட்டலத்துல கட்டிரு" என்பேன். எண்ணெய் பூசிய கோஸ் ஒரு டப்பா, கடுகும் எலுமிச்சையும் ஒரு சின்ன மூடி டப்பா, உப்பும் கடலையும் ஒரு பொட்டலம். சாப்பிட உட்காரும்போது மூன்றையும் சேர்த்துக் குலுக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் பங்குக்கு அரைத் தேக்கரண்டி உப்புக்கும் மிகக் குறைவாகத்தான் பொட்டலத்தில் இருக்கும். ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாம்பாரிலும் ரசத்திலும் ஏற்கெனவே நிறையப் போய்விடுகிறது. புளிப்பும் காரமும் சரியாக இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரிவதே இல்லை. கடலையை முன்னமே கலந்தால் அது நமுத்துப் போகும், அதனால் அதுவும் பொட்டலத்தில்.

நல்லது என்பதற்காக எல்லோருக்கும் அள்ளி வைக்க மாட்டேன். பச்சைக் கோஸ் சிலருக்கு வயிற்றில் வாயு கட்டும். அவர்கள் அரைக் கிண்ணத்தோடு தொடங்கட்டும். தைராய்டு குறைவு உள்ளவர்கள் தினமும் நிறையப் பச்சையாகச் சாப்பிடும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாலட்டை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். கோஸில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால் அவர்கள் ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று சாப்பிடக் கூடாது.

சாயங்காலம் டப்பாவில் திரும்பி வருவதை நாங்கள் தொடுவதில்லை. அடுக்களையில் உப்புப் போட்டுக் கலந்து மீந்தது இருந்தால், அது துவண்டு தண்ணீர் விட்டிருந்தாலும், அடைமாவில் அப்படியே போய்விடும். அதற்குத் தனியாக உப்பும் காரமும் வேண்டாம், மாவைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக்கொண்டால் போதும். ஓரம் முறுகலாக வர, கல்லில் சுற்றிலும் எண்ணெய் விட்டு, மூடாமல் சுட வேண்டும்.